நினைவஞ்சலி எழுதுகிற குமுதா

ஈப்போ லிட்டில் இந்தியாவில் பூக்கடைகளைத் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்பினால் ஷரபுதீனின் அச்சகம் வரும். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், காலண்டர், கடைகளுக்கு ரசீதுப் புத்தகம் எல்லாம் அங்கே அடிப்பார்கள். ஆனால் பேராக் மாநிலத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் அந்தச் சந்துக்குத் தேடி வந்தது இதற்காக அல்ல. வீட்டில் ஒருவர் காலமாகி ஒரு வருடம் ஆனதும் நாளிதழில் படத்தோடு நினைவஞ்சலி போடுவது இங்கே வழக்கம். படத்துக்குக் கீழே பிறந்த நாள், மறைந்த நாள், அதற்கும் கீழே நாலு வரி இருக்கும். அந்த நாலு வரியை எழுத அங்கே குமுதா இருந்தாள்.

மற்ற அச்சகங்களில் இதற்கென்று ஆயத்தமாகச் சில வரிகள் வைத்திருப்பார்கள். மறைந்தாலும் மறையாத மாணிக்கமே, குலம் காத்த குலவிளக்கே என்று தொடங்கும். அப்பாவுக்கும் அதுதான், அத்தைக்கும் அதுதான். குமுதா அப்படிக் கொடுக்க மாட்டாள். வந்தவர்களை உட்காரவைத்து, போனவருக்கு என்ன பிடிக்கும், எதற்குச் சிரிப்பார், கோபம் வந்தால் என்ன செய்வார் என்று கேட்பாள். பிறகு பின்கட்டில் காகிதக் கட்டுகள் அடுக்கியிருக்கும் இடத்துக்குப் போய், ஆறிப்போன தேநீரைக் குடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நிற்பாள். திரும்பி வரும்போது வரிகள் வந்துவிட்டிருக்கும். கணினியில் நேராகத் தட்டிவிடுவாள். படித்துப் பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள். ஷரபுதீன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னைக்கும் அழவச்சு அனுப்பிட்டியா?" என்பார்.

குமுதா பிறந்து வளர்ந்தது சிம்பாங் பூலாயைத் தாண்டி இருந்த டன்ஸ்மோர் தோட்டத்தில். வெள்ளைக்காரன் வைத்த அந்தப் பெயர் தோட்டத்து வாயில் டன்சிமூர் ஆகிவிட்டிருந்தது. ரப்பர் பால்மரங்களுக்கு நடுவே லயன் வீடுகள், காலையில் பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், பால் நிறுக்கும் ஸ்டோர், ஒரு மாரியம்மன் கோயில். குமுதாவின் அம்மா விடியுமுன்னே எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பட்டையைச் சீவிப் பால் எடுக்க மரம் வெட்டப் போவாள். பள்ளி இல்லாத நாட்களில் குமுதாவும் கூடப் போய், மரத்தில் பால் வடியும் மங்குகளைத் துடைப்பாள். முந்தின நாள் மங்கில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்து உருட்டினால் பந்து மாதிரி துள்ளும். அந்த நாற்றம் எத்தனை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது. பல வருடங்கள் கழித்து, அச்சகத்தில் மை நாற்றம் பிடித்த கையை முகர்ந்து பார்க்கும்போதெல்லாம் அதற்கடியில் ஒட்டுப்பால் வாசமும் இருப்பதாகவே அவளுக்குத் தோன்றும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். பாதியில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள், பாதியில் வீடமைப்புத் திட்டம் வந்தது. ஜனங்கள் லாரிகளில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். சிலர் ஹுத்தான் மெலிந்தாங் பக்கம், சிலர் பாரிட் புந்தாருக்கு, சிலர் ஈப்போ அடுக்குமாடி வீடுகளுக்கு. குமுதாவின் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. பத்தொன்பது வயதில், ஷரபுதீனின் அப்பா காலத்தில், அவள் அந்த அச்சகத்தில் எழுத்துக் கோக்கச் சேர்ந்தாள்.

அவள் முதன்முதலில் வரிகள் எழுதியது கருப்பம்மாளுக்கு. கருப்பம்மாள், குமுதாவின் அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் மரம் வெட்டியவள். தோட்டம் போன பிறகு அதிக நாள் இருக்கவில்லை. அவள் மகன் நினைவஞ்சலி போட வந்தபோது ஆயத்த வரிகளைக் காட்டினார்கள். அவன் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்த குமுதாவுக்கு மனம் ஒப்பவில்லை. "கொஞ்சம் இருங்க" என்று பின்பக்கம் போய் எழுதிக்கொண்டு வந்தாள்.

பனிவிழும் வேளையிலே பால்மரம் தேடிப்போய்க்
கனிவுடன் எமைவளர்த்த கைகளே எங்கம்மா
தனிமையில் தவிக்கின்றோம் தாயேஉன் முகம்காண
இனியொரு பிறவியிலும் எமக்கே நீ தாயாக.

கருப்பம்மாளின் மகன் அதை இரண்டு தடவை படித்தான். பிறகு அச்சகத்தின் வாசலில் போய் நின்றுகொண்டு முதுகு குலுங்க அழுதான். ஷரபுதீனின் அப்பா தாளை வாங்கிப் பார்த்து, "இந்தா புள்ள, இனிமே இந்த வேலை உன்னோடது" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அது அவள் வேலையாகிவிட்டது.

முப்பது வருடங்கள் போயின. எழுத்துக் கோப்பது போய்க் கணினி வந்தது. ஷரபுதீனின் அப்பா காலமானார். அவருக்கும் குமுதாதான் எழுதினாள். அவளுக்குக் கல்யாணமாகி, மெங்லெம்புவில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிப்ட் ஓட்டும் யுகேந்திரன் கணவனாக வந்தான். மகள் துளசி படித்து முடித்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனாள். யுகேந்திரன் நல்ல மனிதன், ஆனால் அவள் எழுதிய ஒரு வரியைக்கூட அவன் உட்கார்ந்து படித்து அவள் பார்த்ததில்லை. பேப்பரைத் திறந்தால் பந்து விளையாட்டுப் பக்கத்துக்குத்தான் போவான்.

டன்சிமூர் ஜனங்கள் ஒவ்வொருவராகப் போகப் போக, குமுதாவிடம் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பெரட்டில் பேர் கூப்பிட்ட கிராணி, திருவிழாவுக்குத் தப்பு அடித்தவர், ரொட்டிக்காரரின் சைக்கிள் மணியைக் கேட்டதும் முதல் ஆளாக ஓடுகிற பெரியம்மா, எல்லாருக்கும் அவள் எழுதினாள். எழுதும்போது தோட்டம் அவளுக்குள் திரும்ப எழும்பி நிற்கும். எந்த லயத்தில் எத்தனையாவது வீடு, வாசலில் என்ன செடி என்பது வரைக்கும் தெரியும். இல்லாமல் போன ஓர் ஊருக்கு வாரம் ஒரு தடவை போய்விட்டு வருவது மாதிரி அது.

முதல் வலிப்பு தீபாவளி நேரத்தில் வந்தது. அச்சகத்தில் மூச்சுவிட நேரமில்லாத மாதம். குமுதா தாள் வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று வாழ்த்து அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று வாயில் ஒரு துருப்பிடித்த ருசி. அடுத்து அவளுக்குத் தெரிந்தது, தரையில் படுத்திருப்பதும், ஷரபுதீன் தன் சட்டையைச் சுருட்டி அவள் தலைக்குக் கீழே வைத்திருப்பதும்தான். "ஒண்ணுமில்ல மா, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளையில் ஒரு பழைய சிறு தழும்பு இருக்கிறது, சின்ன வயதில் எப்போதோ விழுந்து அடிபட்டதாக இருக்கலாம், அதிலிருந்து வருகிறது என்றார் டாக்டர். நடுத்தர வயதுச் சீனப் பெண். மலாயில் நிதானமாகப் பேசுவார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலிப்பு நின்றுவிட்டது. அந்த மட்டில் மாத்திரை சொன்னபடி வேலை செய்தது.

அது செய்த மற்ற வேலைகள் மெல்ல மெல்லத் தெரிந்தன. விரல் நுனியில் எறும்பு ஊர்வது போலிருக்கும். அவளுக்குப் பிடித்த சார்சி பானத்தைக் குடித்தால் கேஸ் போன தண்ணீர் மாதிரி இருந்தது. இதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் காலை வீட்டில் தரை கழுவ நின்றவள், யுகேந்திரனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, அந்த... அதைக் கொஞ்சம் எடுத்தாங்க."

"எதை?"

"அதான், தண்ணி பிடிப்போமே. பால்டி."

"வாளின்னு சொல்லு. என்னா லா, திடீர்னு மலாய்க்காரியா ஆயிட்ட?" என்று அவன் சிரித்துக்கொண்டே வாளியை எடுத்துக் கொடுத்தான். குமுதாவும் சிரித்தாள். வாளியில் பால் சுமந்த அம்மாவோடு நடந்து வளர்ந்தவள் அவள். பிறந்ததிலிருந்து லயத்து வீட்டில் புழங்கிய முதல் பாத்திரம் வாளி. அந்தச் சொல் எங்கே போனது?

பிறகு அது அடிக்கடி நடந்தது. விளக்குமாறு வரவில்லை, உறை வரவில்லை, மூடி வரவில்லை. பொருள் கண்ணுக்கு முன்னால் இருக்கும், அதன் பெயர் மட்டும் வராது. அந்த இடத்தில் பள்ளிக்கூடத்தில் படித்த மலாய்ச் சொல் வந்து நிற்கும், அழைக்காமல் வந்த விருந்தாளி மாதிரி. சந்தையில் கீரை வாங்கும்போது இது ஒரு தொல்லை இல்லை; அங்கே எல்லாரும் எல்லாப் பாஷையும் கலந்துதான் பேசுகிறார்கள். அச்சகத்தில்தான் அவள் மாட்டிக்கொண்டாள்.

பழனியப்பன் என்ற ஒருவரின் குடும்பம் வந்திருந்தது. இரண்டு வீட்டுச் சண்டையைத் தன் பேச்சாலேயே தீர்த்துவைத்தவர், அவர் இருந்த வரை உறவு அறுந்து போகவில்லை என்று அவருடைய பிள்ளைகள் சொன்னார்கள். குமுதா பின்கட்டுக்குப் போய் நின்றாள். இருகரை உறவுகளை இணைத்த... இணைத்த என்ன? ஆற்றின் மேலே கட்டுவார்களே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடப்போமே. ஜம்பத்தான். அவளுக்கு அது ஒன்றுதான் வந்தது. இருகரை உறவுகளை இணைத்த ஜம்பத்தானே! நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. காகிதக் கட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

தேநீர் முடிந்தது. சொல் வரவில்லை. வெளியே வந்து, "தலை வலிக்குது அண்ணே, நாளைக்கு எழுதறேன்" என்றாள். நாளிதழுக்கு அனுப்ப அன்றே கடைசி நாள். ஷரபுதீன் பழைய ஆயத்த வரிகளில் ஒன்றை எடுத்துப் போட்டார். பழனியப்பனின் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. 'பாலம்' என்ற சொல் வீட்டுக்குப் போகும் பேருந்தில், கிந்தா ஆற்றைத் தாண்டும்போது அவளுக்கு வந்தது.

அப்படியே சில மாதங்கள் போயின. வருகிறவர்களுக்கு அவள் ஏதோ எழுதிக்கொடுத்தாள். எதுகை எங்கோ இருக்கும், பொருள் எங்கோ இருக்கும். தன் வரிகளைத் திருப்பிப் படிக்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. முன்பெல்லாம் ஒரு பெயரைக் கேட்டதும் உள்ளே தோட்டம் எழுந்து வருமே, அதுவும் மங்கிப்போயிருந்தது. பார்க்க முடிந்தது, ஆனால் மழை பெய்யும்போது பேருந்துக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல.

ஆஸ்பத்திரிக்குத் தவணைப்படி போய்வந்துகொண்டுதான் இருந்தாள். வலிப்பு வந்ததா என்று டாக்டர் கேட்பார். இல்லை என்பாள். வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்பார். "தாக் அடா, டாக்டர்" என்பாள், ஒன்றும் இல்லையென்று. வெளியே அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். பக்கவாதக்காரர்கள், தள்ளுநாற்காலியில் இருப்பவர்கள். அவர்களுக்கு நடுவே, எனக்கு எதுகை அமையவில்லை என்று எப்படிச் சொல்வது? அது ஒரு நோயா?

பிறகு ஒரு வாரம் மாத்திரையைத் தானாகவே நிறுத்தினாள். யாரிடமும் சொல்லவில்லை. காலையில் தண்ணீர் தம்ளரையும் மாத்திரையையும் கையில் எடுப்பாள், யுகேந்திரன் அந்தப் பக்கம் திரும்பியதும் மாத்திரையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வாள். நாலைந்து நாள் கழித்து, அச்சகத்தில் உட்கார்ந்திருந்தபோது, தன்னை அறியாமலே 'விளக்குமாறு' என்று சொன்னாள். பிறகு 'தாழ்வாரம்' வந்தது. 'ஊதாங்குழல்' வந்தது, யாரும் கேட்காமலே. அந்த வாரம் மூன்று குடும்பங்களுக்கு எழுதினாள். மூன்றும் அருவி மாதிரி விழுந்தன. ஷரபுதீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "வந்துட்டியா மா, வந்துட்டியா" என்றார். அந்த ஒரு வாரம் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

வார முடிவில் கடைகளின் முன்னே ஓடும் ஐந்தடி நடைபாதையில், பூக்கடைக்குப் பக்கத்துப் படியில் இறங்கும்போது மறுபடியும் அந்தத் துருப்பிடித்த ருசி. விழுந்ததில் மோவாய் கிழிந்து, முன்பல் ஒன்று உடைந்தது. பூக்கடைக்காரர்கள் தூக்கி உட்காரவைத்தார்கள். யுகேந்திரன் வேலை உடையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான். அவள் சட்டைப் பையில் இருந்த மாத்திரைகளைத் தாதி எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் அந்த மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஏன் குமுதா?"

"சொல்லு வரமாட்டேங்குதுங்க. இதைச் சாப்பிட்டா எழுத முடியல."

"எழுதாட்டி என்னா? நீ இருந்தா போதாதா எனக்கு?"

அவன் அன்போடுதான் சொன்னான். ஆனால் அதைக் கேட்டதும் அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவனுக்குப் புரியவில்லை. உடைந்த பல் வலிக்கிறதாக்கும் என்று நினைத்துத் தாதியைக் கூப்பிட எழுந்து போனான்.

மாத்திரையை மறுபடியும் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினாள். விழுந்த பயம் அவளுக்கே இருந்தது. துளசி சிங்கப்பூரிலிருந்து வந்து ஒரு வாரம் கூட இருந்துவிட்டுப் போனாள். ஷரபுதீன் அவளைத் தாள் வெட்டும் இயந்திரத்தின் பக்கமே விடவில்லை. நினைவஞ்சலிக்கு வருகிறவர்களிடம், "அக்காவுக்கு உடம்பு சரியில்ல, இதுல ஒண்ணைப் பாருங்க" என்று ஆயத்த வரிகளைக் காட்டினார். குமுதா கல்யாணப் பத்திரிகைகளில் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டு, தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பாள்.

அப்போதுதான் ராக்காயி வந்தாள். டன்சிமூர் நாலாம் லயத்து ராக்காயி. குமுதாவோடு ஒரே வகுப்பில் படித்தவள். இப்போது சிம்பாங் பூலாயில் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்துகிறாள். அவளுடைய அண்ணன் பத்துமலை, தோட்டத்தில் மரம் வெட்டி, பிறகு கல் உடைக்கும் மலையில் லாரி ஓட்டப் போனவர், காலமாகி ஒரு வருடமாகிறது. ஷரபுதீன் காட்டிய ஆயத்த வரிகளை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் குமுதாவின் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எங்கண்ணனுக்கு நீதான் எழுதற."

"முடியலடி."

"என்னாடி முடியல? எல்லாருக்கும் எழுதின. எங்கண்ணனுக்கு மட்டும் முடியலயா?"

குமுதா அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வாளி வராததையும், ஜம்பத்தானையும், பல் உடைந்த கதையையும். யாரிடமும் இவ்வளவு சொன்னதில்லை. ராக்காயி ஜம்பத்தானுக்கு வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு குமுதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, எழுத வேணாம். தாப்பா லா, பரவால்ல. பேசிட்டிருப்போம்" என்றாள்.

பேசினார்கள். ராக்காயிதான் பேசினாள். ஆறாம் வகுப்பு முடிந்து டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய காலத்தில், தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் லாரி அடிக்கடி வராமல் போய்விடும். அந்த நாட்களில் பத்துமலை அதிகாலையிலேயே அவசர அவசரமாகத் தன் நிரையை வெட்டி முடித்துவிட்டு வந்து, தங்கையைச் சைக்கிளில் உட்காரவைத்து மிதிப்பார். மேட்டில் இறங்கித் தள்ளுவார். குமுதாவுக்கு அந்த மேடு தெரியும். இரண்டு பக்கமும் லாலான் புல், ஒரு திருப்பத்தில் சீனர்களின் கல்லறை. ஆனால் பத்துமலை சைக்கிள் தள்ளும்போது என்ன சொல்வார் என்பது ராக்காயிக்கு மட்டும்தான் தெரியும்.

கேட்டுக்கொண்டே குமுதா தட்டச்சு செய்யத் தொடங்கியிருந்தாள். அவள் எதையும் தேடவில்லை. ராக்காயி சொல்லச் சொல்ல, அவள் வாயிலிருந்து வந்ததையே அடித்தாள். இடையிடையே, "அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள். முடிந்ததும் பாதியை வெட்டினாள். எதை வெட்டுவது, எதை விடுவது என்பது மட்டும் அவள் கைக்கு நன்றாகத் தெரிந்தது. மாத்திரை அதைத் தொடவில்லை போலிருக்கிறது.

அண்ணே,
சைக்கிள்ல என்னை உக்காரவச்சுப் பெரிய பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன.
மேட்டுல இறங்கித் தள்ளுவ.
நானும் இறங்குறேன்னா விடமாட்ட.
மண்ணுல நடந்தா உன் வெள்ளைச் சட்டை அழுக்காயிரும்னு சொல்லுவ.
உன் சட்டையெல்லாம் பால் கறை.
நீ போயி ஒரு வருசம் ஆச்சு அண்ணே.
சைக்கிள் எங்க வீட்டுப் பின்னாடிதான் நிக்குது.
தங்கச்சி ராக்காயி.

ஷரபுதீன் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "இது என்னா மா, பேசற மாதிரி இருக்கு? எதுகை இல்ல, ஒண்ணும் இல்ல. பேப்பர்காரன் எடுத்துப் போடுவானா?"

"நான் சொன்னதுதானே அண்ணே. எங்கண்ணன்கிட்ட நான் வேற எப்படிப் பேசுவேன்?" என்றாள் ராக்காயி.

அவர் மறுபடியும் படித்தார். பிறகு அப்படியே நாளிதழுக்கு அனுப்பிவிட்டார்.

அது வந்த ஞாயிற்றுக்கிழமை காலை யுகேந்திரன் வழக்கம்போலப் பந்து விளையாட்டுப் பக்கத்தைத் தேடிப் புரட்டிக்கொண்டிருந்தான். நடுவில் நின்றான். பத்துமலை கல்யாண வீடுகளில் அவனோடு சேர்ந்து சீட்டு ஆடியவர், படத்தைப் பார்த்துத்தான் நின்றிருப்பான். கீழே இருந்ததைப் படித்தான். குமுதா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போய், தன் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் வெகுநேரம் சும்மா நின்றான். அன்று பந்து விளையாட்டுப் பக்கத்துக்கு அவன் போகவே இல்லை.

அடுத்த தவணைக்கு அவன் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கூடவே வந்தான். டாக்டர் வழக்கம்போலக் கேட்டார், வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று. குமுதா வாய் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். அவனுடைய மலாய் தொழிற்சாலை மலாய். "டாக்டர், என் மனைவி எழுதுவா. இறந்துபோனவங்களுக்கு. பேராக் முழுக்க அவ எழுதினதைப் படிச்சு அழுவாங்க. இந்த மாத்திரை அவளோட சொல்லையெல்லாம் எடுத்துக்குது" என்றான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?" என்று குமுதாவிடம் கேட்டார். கோபமாக இல்லை.

"இது பெரிய விஷயமான்னு தெரியல டாக்டர்."

"இந்த மாத்திரையில் சிலருக்கு இப்படி வருவதுண்டு. ஒரு பியானோ டீச்சர் வந்து விரல் நடுங்குகிறது என்றால் நான் கேட்க மாட்டேனா? சொன்னால்தானே எனக்குத் தெரியும்" என்றார். வேறொரு மாத்திரை இருக்கிறது, உடனே மாற்ற முடியாது, இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், அதுவும் அவளுக்கு ஒத்துவரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று விளக்கினார். நீயாக எதையும் நிறுத்தக்கூடாது என்று விரலை நீட்டிச் சொன்னார். குமுதா உடைந்த பல்லை நாக்கால் தொட்டுக்கொண்டு தலையாட்டினாள்.

மாற்றம் சுலபமாக இருக்கவில்லை. புது மாத்திரை முதலில் அவளை எரிந்துவிழ வைத்தது. துணியை மடிக்காமல் போட்டதற்கு யுகேந்திரனிடம் கத்தினாள். தன்பாட்டுக்குச் சுற்றிய விசிறியைக்கூடத் திட்டினாள். அவன், "பரவால்ல, திட்டறதுக்காச்சும் தமிழ்ச் சொல்லு வருதே" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சில மாதங்களில் எரிச்சல் தணிந்தது. விரலில் ஊர்ந்த எறும்புகள் போயின. சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின, வெள்ளத்துக்குப் பிறகு வீடு திரும்புகிற ஜனங்கள் மாதிரி. எல்லாரும் வரவில்லை. காலையில் நன்றாக இருக்கும், மத்தியானத்துக்கு மேல் தடுமாறும். அதனால் எழுத்து வேலையைக் காலையிலேயே வைத்துக்கொண்டாள். நாலு வரி எதுகையோடு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இப்போது எழுதிக்கொடுக்க முடிகிறது. ஆனால் பழைய அருவி இல்லை. கிணற்றிலிருந்து இறைப்பது மாதிரிதான்.

இதற்கிடையே பத்துமலையின் அஞ்சலியைப் படித்த சிலர், "அந்த மாதிரி பேசற மாதிரி போடணும்" என்று கேட்டு வரத் தொடங்கியிருந்தார்கள். முதலில் குமுதாவுக்கு அது ஒரு தோல்வி மாதிரியே இருந்தது. கவிதை எழுதியவளை மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு எழுத வைத்துவிட்டார்களே என்று வெட்கப்பட்டாள். போகப் போக வெட்கம் குறைந்தது. முன்பு அவள் பின்கட்டில் தனியாக நின்று, இறந்தவரைத் தன் தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போவாள். இப்போது வந்தவர்கள் அவளை அவர்களுடைய தோட்டத்துக்குள் கூட்டிப்போனார்கள். அங்கே அவளுக்குத் தெரியாத வீடுகள் நிறைய இருந்தன. பழைய வேகம் நினைவுக்கு வந்து ஏங்காத நாள் இல்லை. ஒரு வார காலம் சொற்கள் கொட்டினவே, அந்த வாரத்தை இப்போதும் நினைப்பாள். ஆனால் மாத்திரையை மறுபடியும் சட்டைப் பைக்குள் போடவில்லை.

போன வருடம் டன்சிமூர் ஜனங்கள் ஒன்றுகூடினார்கள். சிம்பாங் பூலாயில் ஒரு கோயில் மண்டபத்தை ராக்காயிதான் ஏற்பாடு செய்திருந்தாள். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஒரு வேன் வந்தது, பாரிட் புந்தாரிலிருந்து, லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்த தனேஸ்வரன் குடும்பம் இரண்டு காரில் வந்தது. முப்பது வருடம் பார்க்காதவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டார்கள். சாப்பாடு ஆனதும் ராக்காயி மைக்கைக் குமுதாவின் கையில் திணித்தாள்.

"பேசு."

"எழுதிக்கிட்டு வரலடி. மத்தியானம் வேற ஆயிருச்சு."

"சும்மா பேசு லா."

குமுதா எழுந்து நின்றாள். ஸ்டோரைப் பற்றிப் பேசினாள், பெரட்டைப் பற்றிப் பேசினாள். சிரித்தார்கள். பிறகு, "நம்ம அம்மாக்கள் எல்லாம் இருட்டோட நம்மள இடுப்புல தூக்கிக்கிட்டு ஓடுவாங்களே. தூக்கம் கலையாம கொண்டுபோயி ஒரு இடத்துல விட்டுட்டு, திரும்பிப் பாத்துக்கிட்டே வேலைக்குப் போவாங்களே. அந்த இடம்..." என்று நின்றாள். சொல் வரவில்லை. தொட்டில்கள் வரிசையாகத் தொங்குவது தெரிந்தது, பால் வாடை தெரிந்தது, அழுகைச் சத்தம் கேட்டது. பெயர் இல்லை. மைக்கில் அவள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. யுகேந்திரன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான்.

"ஆயக்கொட்டாய்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. உடனே மண்டபத்தின் நாலு பக்கமிருந்தும் அதே சொல் எழும்பியது. வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவர்கள் முதல் எல்லாரும் கத்தினார்கள்.

"ஆமா, ஆயக்கொட்டாய்" என்றாள் குமுதா. கண் கலங்கிவிட்டது.

அவள் மேலே பேசத் தேவைப்படவில்லை. அங்கே பிள்ளைகளுக்குக் கொடுத்தது பால்மாவுதான் என்று தனேஸ்வரன் சொன்னார். பால்மாவு இல்லை, பச்சைப்பயற்றுக் கஞ்சி என்று ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து வந்த பெண்மணி எழுந்து நின்றாள். கஞ்சி புதன்கிழமை மட்டும்தான் என்றார் இன்னொருவர். குமுதா மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, யுகேந்திரன் இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்கத் தொடங்கினாள்.